இரண்டாம் ஆள்

குங்குமம் போகவில்லை. நல்லசாமி முதலில் காய்ந்த துணியால் துடைத்தார். பொட்டு பரவி உள்ளங்கை அகலமானது. பிறகு ஈரத்துணியால் துடைத்தார். அது இளஞ்சிவப்பாக நனைந்து இன்னும் கொஞ்சம் இறங்கியது. அதற்குப் பிறகு பதற்றத்தில் பெயிண்ட் கரைக்கும் தின்னரில் தோய்த்த பஞ்சை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்துவிட்டார். அந்த இழுப்பில் மங்கல் பச்சைப் பெயிண்டும் அதன் மேல் இருந்த கீறல்களும் சேர்ந்து போய், நடுவில் வெள்ளை ஃபைபர் வாயைத் திறந்தது. சுற்றிவர இளஞ்சிவப்பு மட்டும் அப்படியே இருந்தது. சுண்டல் தட்டோடு வந்த நிலானி இதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பஸ்ஸுக்குள் இருந்து வெளியே பெய்யும் மழையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அவள் எல்லாவற்றையும் அப்படித்தான் பார்ப்பாள்.

ஆக்லாந்து நகரத்தின் மவுண்ட் வெல்லிங்டன் பகுதியில் ஒரு டயர்க் கடைக்கும் குளிர்பதனக் கிடங்குக்கும் நடுவே இருந்தது அந்தப் பட்டறை. சினிமாவுக்கும் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் வேண்டிய பொய்ப்பொருள்களைச் செய்து கொடுக்கிற இடம். ஒரு கையால் தூக்கக்கூடிய பாறைகள், வெட்டாத வாள்கள், யாரும் தின்ன முடியாத ரொட்டிகள். நல்லசாமி நாமக்கல்லில் லாரி பாடிக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர். இங்கே எதற்கும் நிறம் கொடுப்பது அவர் வேலை. அந்த நிறத்தைப் பழசாக்குவது நிலானியின் வேலை. புதிதாய்ப் பளபளக்கிற ஒன்றை அவளிடம் கொடுத்தால், கை பட்ட இடம், மழை ஓடிய கோடு, துருவின் தொடக்கம் எல்லாம் வைத்து, பத்து வருஷம் யாரோ வைத்திருந்த பொருளாகத் திருப்பித் தருவாள். வன்னியில் பிறந்து, கௌசிகனைக் கட்டி ஆக்லாந்துக்கு வந்தவள். கௌசிகன் நகரத்துப் பஸ் ஓட்டுகிறான். வீடு சான்ட்ரிங்ஹாமில். நல்லசாமி அவளை அம்மிணி என்பார், அவள் அவரை அண்ணை என்பாள். பட்டறையில் மற்றவர்கள் இவர்கள் பேசுவது ஒரே மொழிதானா என்று கேட்டபோது, பாதி ஒன்றுதான், மீதியைச் சைகையில் சமாளிக்கிறோம் என்று நல்லசாமி சொல்லி வைத்திருந்தார்.

இப்போது குங்குமக் கறையோடு மேசையில் கிடந்தது ஒரு குழல். இரண்டாம் உலகப்போரில் காலாட்படைக்காரர்கள் தோளில் வைத்து டாங்கிகளைச் சுட்ட பசூக்கா என்ற ஆயுதத்தின் நகல். ஆக்லாந்துக்கு மேற்கே ஒரு காடு, ஒரு போர்த் தொடருக்காகச் சில மாதங்களாக ஐரோப்பாவாக நடித்துக்கொண்டிருந்தது. அந்தத் தொடருக்காகச் செய்தது. தூர நின்று எடுக்கும் காட்சிகளுக்கு ரப்பர் குழல்கள் இருந்தன. இது ஒன்றுதான் நடிகரின் கன்னத்தோடு ஒட்டிக் கிட்டத்தில் காட்டுகிற குழல். பாதிக் காட்சி எடுத்துமுடித்த நிலையில் குறிபார்க்கும் கம்பி ஆடுகிறது என்று பழுதுபார்க்க வந்திருந்தது. ஆகவே அதன் ஒவ்வொரு கீறலும் ஏற்கெனவே படத்தில் இருக்கிறது. ஒரு கீறல் இடம் மாறினாலும் நாளை எடுக்கப்போகிற காட்சி போன வாரக் காட்சியோடு ஒட்டாது.

அது வந்த அன்று, பட்டறை முதலாளி கிரெய்க் அதை நிலானியின் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவள் அதைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு நல்லசாமியிடம் போய், "அண்ணை, இதை மட்டும் நான் தொடமாட்டன்" என்றாள்.

வேறு யாராக இருந்தாலும் ஏன் என்று கேட்டிருப்பார்கள். நல்லசாமி கேட்கவில்லை. "செரிங்க அம்மிணி, அத நான் பாத்துக்கறன். நீங்க அந்த ரொட்டியப் பாருங்க, எங்கூட்டு மரகதம் சுட்ட தோசையாட்டம் கருகிக் கெடக்குது" என்றார். அன்றே குழலைத் தன் மூலைக்கு எடுத்துப்போய், வீட்டிலிருந்து ஒரு பழைய போர்வை கொண்டுவந்து அதன்மேல் போட்டு மூடினார். நிலானி தேநீர் போடப் போகிற வழி அந்த மூலையைத் தாண்டித்தான். அவள் போகும்போது கண்ணில் படக்கூடாது என்றுதான் போர்வை. போர்வையில் மயில் போட்டிருந்தது. இந்த உலகத்தில் இப்படி ஒன்றிரண்டு பேர் கேள்வி கேட்காமல் போர்வை போட்டுவிட்டுப் போகிறார்கள். கடவுளுக்கு அது தெரியாமலா இருக்கும்.

குழலில் குங்குமம் பட்ட அன்றைக்கு ஆயுத பூஜை. வருஷா வருஷம் நல்லசாமி பட்டறையில் பூஜை போடுவார். முதல் வருஷம் உள்ளே சூடம் ஏற்றி நெருப்பு அலாரம் அலறி, தீயணைப்பு வண்டி வந்து நின்றது. அதிலிருந்து சூடம் மட்டும் வெளியே வண்டி நிறுத்துமிடத்தில். கிரெய்க்குக்குப் பொரி பிடித்துப்போய்விட்டது, ஒரு பொட்டலம் வீட்டுக்கும் கொண்டுபோவார். காலையில் நல்லசாமி வெள்ளைச் சட்டையில் வந்தார். கம்ப்ரசர், ஸ்ப்ரே கன், வெப்பக் காற்றுத் துப்பாக்கி, துளைபோடும் மெஷின், டெலிவரி வேன் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். சான்ட்ரிங்ஹாம் கடையில் நிலானி வாங்கிவந்த பூசணிக்காயை வேனுக்கு முன்னால் உடைத்தார்கள். நிலானியும் தன் தூரிகைகளைக் கழுவித் துடைத்து வாழையிலையில் வைத்தாள். அவள் ஊரில் சரஸ்வதி பூஜைக்குப் புத்தகம் வைப்பார்கள். தூரிகையும் ஒருவகையில் அதுதான் என்று நினைத்துக்கொண்டாள். கும்பிடும்போது அவள் எதுவும் கேட்பதில்லை. கேட்கிற இடம் அவளுக்குள் எங்கே இருந்தது என்பது மறந்துபோய் வெகுகாலம்.

அவள் வெளியே பூசணித் துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தபோதுதான் நல்லசாமி மயில் போர்வையை விலக்கிக் குழலுக்கும் மூன்று பொட்டு வைத்தார். வாயில் ஒன்று, பின்வாயில் ஒன்று, தோளில் பதியும் இடத்தில் ஒன்று. முனைகளில் வைத்தவை காய்ந்த பொட்டு, ஊதினால் போய்விட்டன. நடுவில் வைத்தது சந்தன ஈரத்தோடு மங்கல் பெயிண்டில் இறங்கிவிட்டது.

"என்ன பண்றதுங்க அம்மிணி" என்றார் நல்லசாமி. பஞ்சு இன்னும் கையில் இருந்தது. "ஊர்ல ஆயுத பூஜைன்னு சொல்லி ஸ்பேனருக்கும் ஜாக்கிக்கும் பொட்டு வெச்சே பழக்கம். இங்க நெசமாவே ஒரு ஆயுதம் இருக்குது, அத உட்டுட்டு மத்ததுக்கெல்லாம் வெச்சா சாமி என்ன நெனைக்கும்னு தோணிப்போச்சு."

"அது ஆயுதம் இல்லை அண்ணை. ஃபைபர்."

"ஆமாங்க" என்றார் அவர். பிறகு சிரிக்கப் பார்த்தார்.

கிரெய்க் படப்பிடிப்பு நடக்கும் இடத்துக்குப் போயிருந்தார். நாலு மணிக்குத் தொடர்க்காரர்களில் ஒருத்தியோடு வந்து குழலை எடுத்துப்போவதாக ஏற்பாடு. கிரெய்க் கெட்டவர் இல்லை. ஆனால் குளிர்காலத்தில் நல்லசாமி நுரைப் பாறைகளை மழையில் மறந்துவிட்டு, அவை ஊறிப் பஞ்சாய்ப்போனபோது, அவரைத் தனியே கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி ஆனால் உன் விசாவுக்கு என்னால் கையெழுத்துப் போட முடியாது என்று மெதுவாகச் சொல்லியிருந்தார். விசா அடுத்த மாதம் முடிகிறது. தகனினியில் வாடகை வீடு, மனைவி மரகதம், பள்ளிக் கடைசி வருஷத்தில் இருக்கிற மகள் வைஷாலி, எல்லாம் அந்தக் கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. கீறல்களை இருந்தபடியே திருப்பி வைக்கிற கை நல்லசாமிக்கு இல்லை. அவர் கை லாரிக்குப் பழகியது, அகலமாக ஓடும் கை. இதெல்லாம் இருவருக்கும் தெரியும். நிலானிக்கு வேலை முடிகிற நேரம் ஏற்கெனவே ஆகிவிட்டது. அவளுடைய பஸ் இன்னும் கொஞ்சத்தில் வரும்.

நல்லசாமி அவளைக் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்காகவே அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போர்வையை மடிக்கத் தொடங்கினார். நாலாக மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார்.

நிலானி சுண்டல் தட்டைக் கம்ப்ரசர் மேல் வைத்தாள். அங்கே ஒட்டியிருந்த பிள்ளையார் படத்துக்கும் சந்தனப்பொட்டு இருந்தது. "படங்களைப் போடுங்கோ அண்ணை" என்றாள். "நான் செய்யிறன்."

அவர் மடிக்கணினியைத் திறந்து, படப்பிடிப்பில் எடுத்த புகைப்படங்களைப் பெரிதாக்கி வைத்தார். நிலானி குழலில் கை வைத்தாள். குளிராக இருந்தது. அவ்வளவுதான். ஏதாவது வரும் என்று அவள் உடம்பு காத்திருந்தது, ஒன்றும் வரவில்லை. ஓரத்து இளஞ்சிவப்பைத் தேய்த்தாள். தோளணையின் மடிப்புக்குள் தங்கியிருந்த குங்குமத்தை விரல்நுனியால் வழித்து எடுத்தாள். குங்குமம் மேலே ஊறி வராமல் இருக்கச் சாம்பல் நிற அடிப்பூச்சு கொடுத்தாள். பொட்டு வைத்த வெப்பக் காற்றுத் துப்பாக்கியால் அதைக் காயவைத்தாள். சூட்டில் அதன் சந்தனம் மணத்தது. பிறகு பச்சை, அதன்மேல் கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் மண். பிறகு ஒரு மெல்லிய கத்திமுனையால், படத்தைப் பார்த்துப் பார்த்து, கீறல்களை ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தாள். படத்தில் சில தேய்மானங்கள் பிழையான இடத்தில் இருந்தன. பின்வாய்க்குப் பக்கத்தில் கைபட்டுத் தேய்ந்ததுபோல யாரோ செய்திருந்தார்கள். அங்கே கை வைத்தால் கை இராது. அதை அப்படியே விட்டாள்.

மேசைக்கு மேலே சுவர் நிறையப் படங்கள். இந்தக் குழலைச் செய்வதற்கு முன் கிரெய்க் மாதிரிக்காகச் சேர்த்து ஒட்டியவை. பழைய கறுப்புவெள்ளைப் போர்ப்படங்களின் காட்சிகள், கம்ப்யூட்டர் விளையாட்டுகளின் அட்டைகள், சித்திரக்கதைகள், தன் முகத்தையே கரியாக்கிக்கொண்ட ஒரு கேலிச்சித்திரப் பூனை. முதலில் பசூக்கா என்ற பெயர் ஒரு வானொலி நகைச்சுவைக்காரன் ஊதிய விசித்திரக் குழலின் பெயராம், பார்வைக்கு அதுபோல இருந்ததால் சிப்பாய்கள் இதற்கும் வைத்தார்களாம். கிரெய்க் அதை எல்லோருக்கும் சொல்லிச் சிரிப்பார். சூயிங்கம் கூட இந்தப் பெயரில் உண்டாம். நிலானி இத்தனை நாள் அந்தச் சுவரைப் பார்க்காமல் நடந்து பழகியிருந்தாள். இப்போது பச்சை காய்வதற்காகக் காத்திருந்தபோது நிமிர்ந்து பார்த்தாள். எல்லாப் படத்திலும் ஒரே ஒருவன். கட்டிடத்தின் உச்சியில், எரிகிற தெருவில், மழையில், தோளில் குழலோடு தனியாக ஒருவன். ஒருவன் இரண்டு கையிலும் இரண்டு வைத்திருந்தான். கௌசிகனின் அக்கா மகன் வீட்டில் விளையாடுகிற விளையாட்டிலும் அப்படித்தான், ஒரு பொத்தானை அமுக்கினால் 'டிங்' என்று அடுத்த ராக்கெட் தானாக ஏறிக்கொள்ளும். இரண்டாவது ஆள் எங்கேயும் இல்லை.

நிலானி இரண்டாவது ஆளாக இருந்தவள்.

போரின் கடைசி வருஷம், பதினேழு வயதில், பதுங்குகுழி வரிசையில் அம்மாவோடு நின்றவளை இயக்கம் பிடித்துக்கொண்டு போனது. அழுதாள். எல்லோரும் அழுதார்கள், ஒன்றும் நடக்கவில்லை. துப்பாக்கி பழக நேரம் இல்லை என்று அவள் முதுகில் மூன்று எறிகணை செருகிய பையை மாட்டி, இசைமதி என்ற ஒருத்தியோடு சேர்த்துவிட்டார்கள். அது அவளுடைய இயக்கப்பெயர். உண்மைப் பெயர் நிலானிக்கு இன்றுவரை தெரியாது. இசைமதிக்கு ஒரு இருபது வயது இருக்கும். தோள் எலும்பு தெரிகிற மெலிவு. குழல் குத்தாமல் இருக்கச் சட்டைக்குள் ஒரு துவாயை மடித்து வைத்திருப்பாள். அவர்களுடையது ஆர்பிஜி என்ற ராக்கெட் குழல், இது வேறு. பிடியும் வேறு, மூக்கும் வேறு. ஆனால் தோளில் வைக்கிற இடம் ஒன்றுதான்.

இரண்டாவது ஆளின் வேலை மூன்று. எறிகணையைச் செருகவேண்டும். குழலுக்குப் பின்னால் ஆள் நிற்கிறதா என்று திரும்பிப் பார்க்கவேண்டும், ஏனென்றால் பின்னால் வருகிற நெருப்பு நிற்கிறவரைத் தின்றுவிடும். பிறகு சுடுகிறவளின் தோளில் இரண்டு தரம் தட்டவேண்டும், சரி, ஒருவரும் இல்லை என்று. ஏன் இரண்டு என்று அவள் கேட்டபோது இசைமதி சொன்னாள், ஒரு தட்டு மண் விழுந்ததாகவும் இருக்கலாம், இரண்டெண்டால் அது ஆள். சண்டை இல்லாத நேரங்களிலும் இசைமதி முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கும்போது நிலானி சும்மா இரண்டு தரம் தட்டுவாள். அவள் திரும்பாமலே, ஓம் ஓம், இருக்கிறாய், தெரியும் என்பாள். பசியைத் தவிரக் கதைக்க வேறு கதை இல்லாத நாட்களில் அதுவே அவர்களுக்கு ஒரு பகிடி.

ஒரு விடியற்காலை இசைமதி தண்ணீர்க் கானை அவள் கையில் கொடுத்தாள். "கொம்மா அங்கால தென்னைகளுக்குப் பின்னால நிக்கிறா எண்டு கேள்விப்பட்டன். தண்ணி எடுக்கப்போற மாதிரிப் போ. பையைக் கழட்டி இஞ்ச வை. திரும்பி வராத." நிலானி போனாள். தண்ணீர் எடுக்கப் போகிறவள்போலவே கானை ஆட்டிக்கொண்டு போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. தென்னைகளுக்குப் பின்னால் அம்மா உண்மையாகவே நின்றாள். இசைமதியை அதற்குப் பிறகு பார்த்தவர்கள் யாரையும் நிலானி சந்திக்கவில்லை, முகாமிலும் இல்லை, பிறகும் இல்லை. அன்றைக்கும் வெளிச்சம் வந்தபின் அந்தப் பக்கமிருந்து குழல் சத்தம் கேட்டது. அப்படியானால் அவளே செருகி, அவளே திரும்பிப் பார்த்து, தட்ட ஒருவரும் இல்லாமல், சுவரில் இருக்கிற இந்த ஆட்களைப்போலத் தனியாகச் சுட்டிருக்க வேண்டும். இதை நிலானி இப்போது நினைத்தபோதும் கண்ணில் ஒன்றும் வரவில்லை. கத்திமுனை மட்டும் ஒரு கீறலை ஒரு நூல் அளவு நீளமாகப் போட்டுவிட்டது. அதைப் பச்சையால் மூடிச் சரிசெய்தாள்.

"காஞ்சிருச்சுங்களா?" என்றார் நல்லசாமி. நடுவே ஒரு கப் தேநீர் கொண்டுவந்து அவள் கைக்கெட்டுகிற தூரத்தில் வைத்திருந்தார். அது ஆறிப்போனதும் எடுத்துப்போய் இன்னொன்று வைத்திருந்தார்.

"ஓம். தோளில வைச்சுப் பாக்கவேணும் அண்ணை. படத்திலை வெளிச்சம் சரிவா விழுகுது."

மேசையில் கிடத்தினால் கீறல் ஒன்று மாதிரியும், தோளில் ஏறினால் இன்னொன்று மாதிரியும் தெரியும். யாராவது ஒருவர் தூக்கவேண்டும். நல்லசாமி குழலை எடுத்தார். லாரிக்கதவைச் சுமப்பதுபோலச் சுமந்து, வெள்ளைச் சட்டைத் தோளில் வைத்து, திறந்திருந்த ஷட்டரைப் பார்த்து நின்றார். தொப்பை முன்னால் நின்றது. "எப்படீங்க அம்மிணி, ஹீரோவாட்டம் இருக்கனா?" என்று கேட்டார். பயந்துபோயிருக்கிறவர் அவளைச் சிரிக்கவைக்கப் பார்க்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

நிலானி பக்கத்தில் வந்து மடிக்கணினியையும் குழலையும் மாறிமாறிப் பார்த்தாள். வெளிச்சம் சாய்ந்து பச்சையின்மேல் விழுந்தது. கீறல்கள் இருந்த இடத்தில் இருந்தன. பூஜை நடந்தது, குங்குமம் வைத்தது, துடைத்தது ஒன்றும் அதில் இல்லை. வெளியே கிரெய்க்கின் கார் திரும்பி உள்ளே வருகிற சத்தம் கேட்டது. வேறு ஒரு வேலையும் மிச்சமில்லை. நகர்ந்திருக்கலாம். ஆனால் அவள் கழுத்து தானாகப் பின்னால் திரும்பியது. குழலின் பின்வாய்க்கு நேரே பார்த்தாள். நுரைப் பாறைகள், ரொட்டிகள், கம்ப்ரசர் மேல் சுண்டல் தட்டு, மடித்துவைத்த மயில் போர்வை. ஆள் யாரும் இல்லை.

அவள் நல்லசாமியின் தோளில் தட்டினாள். இரண்டு தரம்.

"என்னுங்க?" என்று அவர் திரும்பினார்.

"சரி அண்ணை. போங்கோ."

அவர் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தார். இந்த முறையும் ஒன்றும் கேட்கவில்லை. குழலை இறக்காமல் தோளிலேயே வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். உடைத்த பூசணியின் ஈரம் காயாத தரையைச் சுற்றிக்கொண்டு, காரிலிருந்து இறங்குகிற கிரெய்க்கையும் புகைப்படங்களைக் கையில் வைத்திருந்த பெண்ணையும் நோக்கிப் போனார். அந்தப் பெண் குழலை வாங்காமல் முதலில் ஒரு படத்தை அதற்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கினாள். நிலானி ஷட்டருக்கு உள்ளேயே நின்றாள். நல்லசாமியின் முதுகுதான் அவளுக்குத் தெரிந்தது. வெள்ளைச் சட்டையின் தோளில், குழலுக்குச் சற்றுக் கீழே, குங்குமம் பட்ட விரல்களின் தடம் இரண்டு, ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக, வெயிலில் சிவப்பாக இருந்தது.